ஆடிட்டரம்மா போட்ட கையெழுத்து

தானே புயல் கடலூரைப் புரட்டிப் போட்டுவிட்டுப் போய்ப் பதினோரு நாள் ஆகியிருந்தது. மஞ்சக்குப்பத்தில் பாதித் தெருவுக்குக் கரண்ட் வந்துவிட்டது. வராத பாதி, வந்த பாதியை வயிற்றெரிச்சலோடு பார்த்துக்கொண்டிருந்தது. ஆடிட்டர் தேவநாதன் வீடு வராத பாதியில் இருந்தது.

மாடியில்தான் அவருடைய ஆபீஸ். புயலன்று மாடி ஜன்னல் சட்டத்தோடு பிய்த்துக்கொண்டு போனதில் அலமாரி முழுக்கத் தண்ணீர். கிளையண்டுகளின் ஃபைல்கள் எல்லாம் ஊறி உப்பிக் கிடந்தன. அவர் மனைவி புஷ்பவள்ளி அவற்றைப் பிரித்து, ஒவ்வொரு தாளாக மொட்டைமாடிக் கொடியில் கிளிப் மாட்டிக் காயவைத்துக்கொண்டிருந்தாள். பக்கத்து வீட்டுத் தைலம்மாள் கைப்பிடிச் சுவர் வழியாக எட்டிப் பார்த்தாள்.

"என்னா ஆடிட்டரம்மா, பொங்கலுக்கு வத்தல் காயப் போட்டிருக்கியா?"

"ஆமாக்கா, வருமான வரி வத்தல். வாங்க, பொரிச்சுத் தரேன்" என்றாள் புஷ்பவள்ளி. நாலு மாதமாகப் படுத்த படுக்கையாக இருந்த புருஷனை வைத்துக்கொண்டு அவளுக்கு வாய் மட்டும் படுக்கவில்லை.

அப்போதுதான் கீழே தபால்காரர் மணி அடித்தார். பதிவுத் தபால். புஷ்பவள்ளி ஈரக் கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு இறங்கிப் போய், பழக்கதோஷத்தில் அட்டையில் தேவநாதன் கையெழுத்தையே போட்டு வாங்கினாள். தபால்காரருக்கும் அது பழகிப் போன விஷயம்தான். அவர் பேசாமல் சைக்கிளை மிதித்துக்கொண்டு போய்விட்டார்.

ஆடிட்டர்களுக்கு லைசென்ஸ் கொடுக்கிற இன்ஸ்டிட்யூட்டிலிருந்து வந்திருந்தது கடிதம். புஷ்பவள்ளி பி.காம். படித்தவள்; பதினெட்டு வருடமாக அந்த ஆபீஸில் டைப் அடிக்கிறாள், ஃபைல் தைக்கிறாள். இங்கிலீஷ் அவளுக்குத் தடுமாறாது. ஆனால் அந்தக் கடிதத்தை அவள் மூன்று தடவை படித்தாள்.

பண்ருட்டிப் பக்கம் அண்ணாகிராமத்தில் முந்திரிக் கம்பெனி வைத்திருக்கும் பொன்னுரங்கம் என்பவரின் ஆடிட் ரிப்போர்ட்டில் செப்டம்பர் இருபத்தெட்டாம் தேதி தேவநாதனின் கையெழுத்து இருக்கிறது. அதற்கு முந்தின நாள் பாண்டிச்சேரி ஆஸ்பத்திரியில் தேவநாதனைப் பார்த்ததாக, பொன்னுரங்கத்துக்கு லோன் கொடுத்த பேங்கின் மேனேஜர் இளவரசு எழுதியிருக்கிறார். வலது கையை அவரால் தூக்கக்கூட முடியவில்லை, பேச்சும் வரவில்லை. அப்படியானால் கையெழுத்துப் போட்டது யார்? இருபத்தோரு நாளுக்குள் பதில் வேண்டும்.

மேனேஜர் வந்து போனது புஷ்பவள்ளிக்கு நன்றாக ஞாபகம் இருந்தது. ஒரு டஜன் சாத்துக்குடி வாங்கி வந்திருந்தார். நல்ல இனிப்பு என்று அவளே சொல்லியிருந்தாள்.

தேவநாதன் விழுந்தது செப்டம்பர் இருபத்திரண்டு, வியாழக்கிழமை. பல் தேய்க்கும்போது ஒரு பக்கம் அப்படியே சரிந்துவிட்டார். முப்பதாம் தேதி ரிப்போர்ட் கொடுக்கக் கடைசி நாள். தாண்டினால் கிளையண்டுகளுக்கு அபராதம். முடிந்து பைண்ட் பண்ணி வைத்த ஃபைல்கள் பதினொன்று மேஜையில் இருந்தன. போன் அடித்துக்கொண்டே இருந்தது. புதன்கிழமை தம்பியை ஆஸ்பத்திரியில் உட்காரவைத்துவிட்டு பஸ் ஏறி வந்தாள். அவர் நாற்காலியில் உட்கார்ந்து பதினொன்றிலும் கையெழுத்துப் போட்டு, ரப்பர் ஸ்டாம்பைக் குத்தி, அவரவர் கையில் கொடுத்துவிட்டு, அடுத்த பஸ்ஸில் திரும்பிப் போனாள். திருட்டுத்தனம் என்று அப்போது அவளுக்குத் தோன்றவே இல்லை. வீட்டுக்காரர் படுத்துவிட்டால் பெண்டாட்டி கடையைத் திறந்து வியாபாரம் பார்ப்பதில்லையா? அப்படித்தான் நினைத்தாள்.

தேவநாதனிடம் அவள் இதைச் சொல்லவில்லை. அதிர்ச்சி தரும் எதையும் சொல்ல வேண்டாம் என்றார் டாக்டர். பிறகு பேச்சு குழறிக் குழறித் திரும்பியது, வீட்டுக்கு வந்தார்கள், புயல் வந்தது. நாளைக்குச் சொல்லிக்கொள்ளலாம் என்று தள்ளிப்போட்டதை இப்போது தபால்காரர் கொண்டுவந்து கொடுத்துவிட்டார்.

கட்டில் பக்கத்தில் உட்கார்ந்து கடிதத்தைப் படித்துக் காட்டினாள். தேவநாதன் அசையாமல் கேட்டுக்கொண்டிருந்தார்.

"எத்தன?" என்றார்.

"பதினொன்னு."

அவர் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார். அன்று சாயங்காலம் வரை திரும்பவில்லை. அவர் திட்டியிருந்தால்கூட அவளுக்குத் தாங்கும். அந்த முதுகைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பதுதான் தாங்கவில்லை.

மறுநாளே சிதம்பரத்திலிருந்து தம்பி ராமாமிர்தம் வந்தான். அங்கே கோர்ட்டில் வக்கீல். தேவனாம்பட்டினத்தில் படகெல்லாம் உடைந்து கிடந்ததால் பச்சை மீன் கிடையாது. வாளைக் கருவாட்டுக் குழம்பும் முருங்கைக்கீரைப் பொரியலும் வைத்திருந்தாள். ஊரில் இருந்த முருங்கை மரமெல்லாம் சாய்ந்துவிட்டதில் எல்லார் வீட்டிலும் பத்து நாளாக முருங்கைக்கீரைதான். தேவநாதனுக்குச் சோற்றைப் பிசைந்து இடது கைப்பக்கம் தட்டை வைத்துவிட்டு அவளும் உட்கார்ந்தாள்.

"அக்கா, மொதல்ல ஒன்னு சொல்லு. போட்டது நீதான்னு யாருக்குத் தெரியும்?"

"பொன்னுரங்கத்துக்குத் தெரியும். எதுருல ஒக்காந்து டீ குடிச்சிக்கிட்டு இருந்தாரு."

"அவன் வாயத் தொறக்க மாட்டான். தொறந்தா அவன் லோனு பூடும். மத்தவங்க?"

"ஆஸ்பத்திரிக்கு எடுத்தும் போயி வாங்கியாந்தேன்னு சொன்னேன்."

"அப்ப சரி. மாமா, ரெண்டு வழிதான் இருக்குது. கேட்டுக்கங்க. எனக்கு ஒன்னுமே தெரியாது, நெனப்பில்லாம கெடந்தேன்னு எழுதறது ஒன்னு. அது நெசமும்கூட. உங்களுக்கு ஒன்னும் ஆவாது. ஆனா அக்காவ ஃபோர்ஜரின்னு உள்ள வெச்சிடுவானுங்க."

புஷ்பவள்ளி எடுத்த கவளத்தைத் தட்டிலேயே வைத்தாள்.

"இன்னொன்னு, எடது கையால நானேதான் போட்டேன்னு எழுதறது. இப்ப எடது கையாலதான சாப்புடறீங்க? அன்னிக்கும் அதே கையால போட்டேன்னு சொல்லுங்க. எவன் வந்து மெனக்கெட்டுப் பாத்தான்?"

"எடது கையால... அவ்ளோ அழகாவா வரும்?" என்றார் தேவநாதன். வார்த்தை வார்த்தையாகத்தான் வந்தது.

"வந்துச்சின்னு அடிச்சி சொல்லுங்க மாமா."

"ஃபைலக் கொண்டான்னு கேட்டா?" என்றாள் புஷ்பவள்ளி.

"புயல்ல போச்சின்னு எழுது. கடலூரு ஜில்லாவுல இன்னிக்கி எவனக் கேட்டாலும் அதான் சொல்றான். பத்திரம் போச்சின்றான், ரேசன் கார்டு போச்சின்றான். எங்க கோர்ட்டுல ஒருத்தன், பொண்டாட்டி அனுப்புன ஜீவனாம்ச நோட்டீசே புயல்ல போச்சின்றான். ஜட்ஜே சிரிச்சிட்டாரு."

"மச்சான்" என்றார் தேவநாதன், "முள்ளு பாத்துத் துன்னு."

அவர் அதற்கு மேல் பேசவில்லை. ராமாமிர்தம் அதைச் சம்மதம் என்று எடுத்துக்கொண்டான். புஷ்பவள்ளியும் அப்படித்தான் எடுத்துக்கொண்டாள். எடுத்துக்கொள்ள அவளுக்கு ஆசையாக இருந்தது. பொங்கல் வரைக்கும் கொஞ்சம் தூங்கினாள்.

காணும் பொங்கலுக்கு மறுநாள், காய்ந்த தாள்களை அடுக்கி மறுபடி ஃபைல் தைத்துக்கொண்டிருந்தாள். கோணி ஊசியில் நூல் கோத்து ஒவ்வொரு கட்டாகக் குத்தி இழுக்கிற வேலை. விரல் நுனி மரத்துவிடும். பொன்னுரங்கத்தின் கட்டு வந்தபோது நிறுத்திவிட்டுப் பிரித்துப் பார்த்தாள். சரக்கு இருப்பு லிஸ்டின் ஓரத்தில் தேவநாதனின் பென்சில் எழுத்து. பேனா மை எல்லாம் கரைந்து ஓடியிருந்தது, பென்சில் மட்டும் அப்படியே இருந்தது.

'போன வருஷத்தைப் போல் இரண்டு மடங்கு. ஆயிரத்து நானூறு மூட்டை அந்தக் கொட்டகை கொள்ளுமா? சனிக்கிழமை நேரில் போய்ப் பார்க்கணும். பார்த்த பிறகே கையெழுத்து.'

அந்தச் சனிக்கிழமை அவர் மூக்கில் குழாயோடு கிடந்தார். புதன்கிழமை இவள் போட்டுவிட்டாள்.

புஷ்பவள்ளி அந்தத் தாளைத் தனியே உருவினாள். கிழித்துப் போட்டால் யாருக்கும் தெரியாது. புயல்தான் இருக்கிறதே, எல்லாப் பழியையும் வாங்கிக்கொள்ள. கை வரவில்லை. முடிந்து போன வேலைக்குத்தான் கையெழுத்துப் போட்டோம், கணக்கில் ஒரு குறையும் கிடையாது என்று நாலு மாதமாகத் தனக்குத் தானே சொல்லிக்கொண்டிருந்ததெல்லாம் அந்த மூன்று வரியில் போயிற்று. பென்சிலை எப்படிக் கவனிக்காமல் விட்டோம் என்று தலையில் அடித்துக்கொண்டாள். அன்று அவசரம். அன்று அவள் பார்த்தது கையெழுத்துப் போடுகிற இடத்தை மட்டும்தான்.

தைலம்மாளைப் புருஷனுக்குத் துணை வைத்துவிட்டு, மறுநாள் காலையில் பண்ருட்டி பஸ் பிடித்தாள்.

வழியெல்லாம் முந்திரி மரங்கள் வேரை மேலே காட்டிக்கொண்டு விழுந்து கிடந்தன. அறுபது எழுபது வருடத்துப் பலா மரங்கள் இடுப்பில் முறிந்திருந்தன. ரம்ப மெஷின் சத்தம் கேட்காத இடம் இல்லை. மரத்தை எடைக்குப் போட்டுவிட்டு ஆட்கள் வெறும் கொல்லையில் நின்று பீடி குடித்துக்கொண்டிருந்தார்கள்.

பொன்னுரங்கத்தின் கம்பெனியில் தார்ப்பாய் கட்டி அதன் கீழே பெண்கள் உட்கார்ந்து கொட்டை உடைத்துக்கொண்டிருந்தார்கள். கட்டையால் ஒரு தட்டு, கொட்டை இரண்டாகப் பிளந்து பருப்பு முழுசாக வந்து விழும். ஓட்டு எண்ணெய் பட்டால் தோல் வெந்துவிடும் என்று கையெல்லாம் சாம்பல் பூசியிருந்தார்கள். ஓரத்தில் இருந்த கொளஞ்சியம்மாள் என்ற நடுவயசுக்காரி நிமிர்ந்து பார்த்தாள்.

"யாரும்மா வேணும்? நிவாரணம் எழுத வந்திருக்கியா?"

"இல்லம்மா, கடலூரு ஆடிட்டர் வூடு. கொட்டாய் எங்க இருக்குது?"

"கொட்டாயா! தோ, தரை தெரியிது பாரு, அதான் கொட்டாய். கூரைச் சீட்டெல்லாம் பறந்து எந்த ஊருக்குப் போச்சோ."

சிமெண்டுத் தரை மட்டும் பெருக்கிவிட்ட மாதிரி கிடந்தது. புஷ்பவள்ளி செருப்பைக் கழற்றிவிட்டு மூலையிலிருந்து நடந்து அளந்தாள். நீளம் பன்னிரண்டு தப்படி, அகலம் எட்டுத் தப்படி. நிரம்பியிருந்த ஒரு மூட்டையை முழம் போட்டுப் பார்த்தாள். பெண்கள் தட்டுவதை நிறுத்திவிட்டு வேடிக்கை பார்த்தார்கள்.

"எத்தினி மூட்ட ஒசரம் அடுக்குவீங்க?"

"எட்டு. அதுக்கு மேல போனா அடி மூட்ட புழுங்கிப் பூடும். தூக்கறவனுக்கும் எட்டாது."

"வேற எங்கனா வெக்கிறது உண்டா?"

"வேற எங்க? இதுலயே பாதி எடத்த பலாக்காரங்களுக்கு வாடகைக்கி உட்ருவாரு எங்க மொதலாளி. கெட்டிக்காரரு."

ஒரு அடுக்குக்கு நூறு மூட்டை. நடக்க வழி விடாமல் அடைத்தாலும் எண்ணூறு. அதற்கு மேல் ஒரு மூட்டை கொள்ளாது.

பொன்னுரங்கம் பைக்கில் வந்து இறங்கினார். அவளையும் தரையையும் மாறி மாறிப் பார்த்தார். ஆள் புத்திசாலி, எதற்கு வந்தாள் என்று கேட்கவே இல்லை.

"எளனி சாப்புடுங்க ஆடிட்டரம்மா. மரம் விழுந்ததுல எளனிக்கி மட்டும் கொறச்சல் இல்ல."

"அறநூறு மூட்ட ஜாஸ்தி காட்டியிருக்கீங்க."

"எல்லாரும் காட்டறதுதான். சரக்கு காட்டினாத்தான் பேங்குக்காரன் லோன ஏத்துவான். ஏத்தினதாலதான் இந்த நாப்பது பொம்பளைங்களுக்கு வருசம் பூரா வேல. நானா துன்னுட்டேன்?"

"அவுரு வந்து பாத்திருந்தா போட்டிருக்க மாட்டாரு."

"அவுரு வரல. நீங்க போட்டீங்க." பொன்னுரங்கம் குரலை உயர்த்தவில்லை. "நான் யாராண்டயும் சொல்ல மாட்டேன். நீங்களும் பேசாம இருங்க. மரமெல்லாம் போயி நானே தெருவுல நிக்கிறேன். இப்ப லோன திருப்பிக் கேட்டானுங்கன்னா, கொளஞ்சி, நீ என்னா பண்ணுவ?"

"திருப்பூருக்குத்தான் போவணும்" என்றாள் கொளஞ்சியம்மாள், கொட்டையைத் தட்டிக்கொண்டே.

இளநீரைக் குடிக்காமல் வந்துவிட்டாள் புஷ்பவள்ளி. பஸ்ஸில் முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டு அழுதாள். பக்கத்தில் இருந்த கிழவர், மரம் எத்தனை போச்சு என்று விசாரித்தார். எல்லாம் போச்சு என்றாள்.

வீட்டில் தேவநாதன் வலது உள்ளங்கையில் ரப்பர் பந்தை வைத்துக்கொண்டு, மூடாத விரல்களை இடது கையால் மூடிக்கொண்டிருந்தார். பென்சில் தாளை எடுத்து அவர் மடியில் வைத்தாள். எல்லாவற்றையும் ஒரே மூச்சில் சொன்னாள்.

"தரைய அளந்தியா?"

"தப்படியால அளந்தேன். எண்ணூறுதான் கொள்ளும்."

தேவநாதனின் முகத்தில் பாதி சிரித்தது. மறு பாதிக்கு இன்னும் சிரிக்க வரவில்லை. "நானும்... அதத்தான் அளக்கணும்னு இருந்தேன்."

"பாக்காம போட்டுட்டேங்க. முடிஞ்ச வேலதானன்னு நெனச்சிட்டேன். எனக்கே தெரியாம அவ செஞ்சிட்டான்னு எழுதிடுங்க. வர்றத நான் பாத்துக்கறேன்."

"ஒன்ன உள்ள தள்ளிட்டு... நான் வெளிய போர்டு மாட்டிக்கினு ஒக்காரணுமா?" இருமி நிறுத்தினார். "ஒனக்கு அந்தக் கையெழுத்த யாரு சொல்லிக் குடுத்தது?"

யார் என்று இருவருக்கும் தெரியும். சுனாமிக்கு அடுத்த வருடம், தேவனாம்பட்டினத்து மகளிர் குழுக்களுக்கு உதவி வர வேண்டுமென்றால் ஆடிட்டர் பார்த்த கணக்கு வேண்டும் என்று ஒரே நாளில் அறுபது குழுக்களின் நோட்டு வந்து குவிந்தது. அறுபதையும் அவர் பார்த்தார். பார்த்து முடித்தபோது விரல் மடங்கவில்லை. நகல்களில் நீ போடு என்றார். மேலே ஒரு வளைவு, கீழே ஒரே இழுப்பு என்று ஒரு பழைய நோட்டில் இரண்டு பக்கம் எழுதிப் பழகவைத்தார். அவருடையதைவிட நன்றாக வருகிறது என்று கேலியும் பண்ணினார். அதற்குப் பிறகு கவரிங் லெட்டர், பிறகு சலான், பிறகு சின்னச் சின்ன சர்டிபிகேட். எது வரைக்கும் என்று ஒருநாளும் அவர் கோடு கிழிக்கவில்லை.

"பாத்தேன்னு சொல்றதுக்குத்தான் கையெழுத்து" என்றார் தேவநாதன். "அத விட்டுட்டு... வளைக்கறத மட்டும் சொல்லிக் குடுத்தேன். எம்மேலதான் தப்பு. எழுது."

அவர் சொல்லச் சொல்ல அவள் எழுதினாள். அந்தக் கையெழுத்து என்னுடையது அல்ல. என் மனைவி போட்டது. வருடக்கணக்காக அவளைப் போடவிட்டவன் நான். அதே நாளில் இன்னும் பத்து ரிப்போர்ட்டுகள் அப்படிப் போயிருக்கின்றன, பட்டியல் இணைத்திருக்கிறேன். பொன்னுரங்கம் கம்பெனிச் சரக்கை நான் பார்க்கவில்லை. அந்த ரிப்போர்ட்டை யாரும் நம்ப வேண்டாம்.

கடைசி வரியில் புஷ்பவள்ளியின் பேனா நின்றது.

"இது இல்லாம அனுப்பினா கண்டிச்சாலும் கண்டிச்சி விட்ருவாங்க. இது இருந்தா ஆடிட்டர் லிஸ்டுலேந்து பேரையே எடுத்துடுவாங்க."

"ம்."

"அந்த நாப்பது பொம்பளைங்க?"

தேவநாதன் பந்தைக் கட்டிலில் வைத்தார். "தெரியல புஷ்பா" என்றார். "எழுது."

எழுதினாள். அவரைத் திட்ட வேண்டும் போலவும் இருந்தது, காலைப் பிடித்துக்கொள்ள வேண்டும் போலவும் இருந்தது.

இடது கையால் போட்டால் கையெழுத்து மாறிவிடும் என்பதால், இவர்தான் போட்டார் என்று அவர் கணக்கு வைத்திருக்கும் பேங்கின் மேனேஜர் சான்று தர வேண்டும், சாட்சிக் கையெழுத்தும் ஒன்று வேண்டும் என்று ராமாமிர்தம் போனில் சொன்னான். சொல்லிவிட்டு, "மாமாவுக்குப் புத்தி பேதலிச்சிப் போச்சா?" என்று கத்தியதையும் அவள் கேட்டுக்கொண்டாள். மறுநாள் ஆட்டோவில் பேங்குக்குப் போனார்கள். ஜெனரேட்டர் இரைந்துகொண்டிருந்தது. நிவாரணப் பணத்துக்கு வரிசை வாசல் வரைக்கும் நின்றது. மேனேஜர் இளவரசு தேவநாதனைப் பார்த்ததும் எழுந்து ஓடிவந்து நாற்காலியை இழுத்துப் போட்டார்.

"சார், என்னத் தப்பா நெனக்காதீங்க. கண்ணால பாத்துட்டு எழுதாம இருக்க முடியல."

"சரியாத்தான்... செஞ்சீங்க."

மேனேஜர் கடிதத்தைப் படித்தார். படிக்கப் படிக்கக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டார். "சார், இத அனுப்பினா எல்லாம் போயிடும் சார். அம்மா மேலயும் கேசு வரும்."

"வரட்டும் சார். நான் போட்டதுதான" என்றாள் புஷ்பவள்ளி.

தேவநாதன் இடது கையில் பேனாவைப் பிடித்தார். ஒரு எழுத்துக்கும் இன்னொரு எழுத்துக்கும் நடுவில் மூச்சு வாங்கினார். வளைவு வரவில்லை, இழுப்பும் வரவில்லை. கோணலும் மாணலுமாக நாலு கோடு விழுந்தது. இரண்டு நிமிஷம் ஆயிற்று. மேனேஜர் தன் பேனாவைத் திறந்து வைத்துக்கொண்டு தயங்கினார்.

"என் முன்னாடிதான் போட்டீங்க, நான் எழுதிக் குடுத்துடறேன். ஆனா சார், இது உங்க பழைய கையெழுத்து மாதிரி கொஞ்சம்கூட இல்லியே. ஒத்துக்குவாங்களா?"

"அது மாதிரி வேணும்னா..." தேவநாதன் தலையைத் திருப்பிப் பெண்டாட்டியைக் காட்டினார். "இவளத்தான் போடச் சொல்லணும்."

சொல்லிவிட்டுச் சிரித்தார். விழுந்த நாளிலிருந்து அவருக்குச் சத்தமாகச் சிரிப்பு வந்தது அன்றைக்குத்தான். மேனேஜருக்குச் சிரிப்பதா வேண்டாமா என்று தெரியவில்லை. புஷ்பவள்ளி இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டு, அத்தனை ஜனத்துக்கு முன்னால் ஓவென்று அழுதாள். வரிசையில் நின்றவர்கள், இவர்கள் வீட்டில் புயலில் யாரோ போய்விட்டார்கள் போலிருக்கிறது என்று ஒதுங்கி வழிவிட்டார்கள். தேவநாதன் இடது கையால் அவள் முதுகைத் தடவிக்கொடுத்தார்.

அவள் மூக்கைச் சிந்தி, முகத்தைத் துடைத்துக்கொண்டு, மேஜை மேல் இருந்த பேனாவை எடுத்தாள்.

"சாட்சி எங்க சார் போடணும்? எம் பேருலதான?" என்று கேட்டாள்.